லிவர்பூலுக்கு ஆகஸ்ட் 15: எங்கள் பிள்ளைகளுக்கு எப்போது?

கடந்த ஏப்ரல் 27 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. இலங்கை நேரப்படி இரவு 9 மணிக்கு லிவர்பூலும் டொட்டன்ஹாமும் அன்பீல்ட் மைதானத்தில் மோதின. லிவர்பூலுக்கு ஒரு சமநிலையே போதுமாக இருந்தது. ஆனால் 5-1 என வென்று, இன்னும் நான்கு போட்டிகள் மீதமிருக்கும்போதே இங்கிலாந்தின் சம்பியனாகியது. இது அந்தக் கழகத்தின் 20 ஆவது லீக் பட்டம். மான்செஸ்டர் யுனைடெட்டின் சாதனையும் அன்றுதான் சமன் செய்யப்பட்டது.

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் அன்று ஒவ்வொரு கோலுக்கும் நாலைந்து தடவை கூச்சல் கேட்டது. முதலில் தொலைக்காட்சி வைத்திருப்பவர் வீடு, பிறகு கைத்தொலைபேசியில் பார்ப்பவர்கள் ஒவ்வொருவராக. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் முச்சக்கர வண்டிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு சுற்றியதாக என் தங்கை சொன்னாள். "ஒரு வெள்ளைக்காரக் கழகம் வென்றதற்கு இவனுகளுக்கு என்ன பைத்தியம்?" என்று மறுநாள் பள்ளிவாசலில் ஒரு பெரியவர் கேட்டார். ஸுப்ஹுக்கு வந்திருந்த இளைஞர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது.

இப்போது பருவகாலம் முடிந்துவிட்டது. மே 25 இல் கிண்ணத்தைத் தூக்கியாயிற்று. ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போய்விட்டது. கொண்டாட்டம் அடங்கிய இந்த நேரத்தில், அந்தப் பெரியவரின் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லிப் பார்க்கலாம். அதோடு, அவர் கேட்காத இன்னொரு கேள்வியையும் நாம் கேட்டாக வேண்டும். ஒரு நகரத்தின் கழகம் வெல்லும்போது இத்தனை மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது? அது ஏன் நம் சொந்த ஊர்க் கழகங்களிடமிருந்து நமக்குக் கிடைப்பதில்லை?

சலாஹ் என்ற காரணம்

முதல் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மொஹமட் சலாஹ். இந்தப் பருவகாலத்தில் அவர் லீக்கில் 29 கோல்கள் அடித்தார். 18 கோல்களுக்குப் பந்து கொடுத்தார். இரண்டையும் கூட்டினால் 47. 38 போட்டிகள் கொண்ட பிரீமியர் லீக் பருவகாலம் ஒன்றில் அதற்கு முன் வேறு எவரும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. கோல் அடித்ததும் புற்தரையில் ஸஜ்தா செய்யும் ஒருவரை உலகமே பார்த்துக் கைதட்டும்போது, இங்கே ஒரு முஸ்லிம் பையனின் நெஞ்சு நிமிர்வது இயல்பு.

இது வெறும் உணர்ச்சி விடயம் மட்டுமல்ல. சலாஹ் 2017 இல் லிவர்பூலில் சேர்ந்த பிறகு அந்தப் பகுதியில் என்ன நடந்தது என்று நான்கு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். லிவர்பூல் நகரம் இருக்கும் மெர்சிசைட் பகுதியில், அவர் வராமலிருந்தால் எதிர்பார்த்திருக்கக் கூடிய அளவைவிட வெறுப்புக் குற்றங்கள் 16 சதவீதம் குறைந்திருந்தன. மற்றப் பெரிய கழகங்களின் ரசிகர்களோடு ஒப்பிடும்போது, லிவர்பூல் ரசிகர்கள் முஸ்லிம்களுக்கு எதிராக இடும் ட்விட்டர் பதிவுகள் பாதியாகக் குறைந்திருந்தன. இந்த ஆய்வு 2021 இல் அமெரிக்காவின் முன்னணி அரசியல் விஞ்ஞான சஞ்சிகையில் வெளியானது.

இதை நாம் பெருமையோடு பகிர்வோம். ஆனால் அதில் ஒரு முக்கியமான விடயத்தைக் கவனிப்பதில்லை. சலாஹ் ஒரு நாள் வந்து ஒரு காட்சிப் போட்டியில் ஆடிவிட்டுப் போயிருந்தால் இது நடந்திருக்காது. வாரத்துக்கு வாரம், மழையிலும் பனியிலும், வெற்றியிலும் தோல்வியிலும் அவர் அந்த மக்களின் கண்முன் இருந்தார். அவரை அவர்களுக்குப் பழக்கப்படுத்தியது பருவகாலம் என்ற ஒழுங்கு.

பருவகாலம் என்பது என்ன?

நாம் "சீசன்" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள்.

முதலாவது, அட்டவணை. பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள். ஒவ்வொன்றும் மற்ற 19 கழகங்களோடும் சொந்த மைதானத்தில் ஒரு தடவை, வெளியே ஒரு தடவை ஆட வேண்டும். ஆளுக்கு 38 போட்டிகள், மொத்தம் 380. பொலிஸார், ரயில் சேவை, ஐரோப்பியப் போட்டிகள், உள்நாட்டுக் கிண்ணங்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து இது தயாராகிறது. இப்போது நமது ரமழானும் அங்கே கவனத்தில் எடுக்கப்படுகிறது. 2021 ஏப்ரலில் லெஸ்டருக்கும் கிரிஸ்டல் பெலஸுக்கும் இடையிலான போட்டியில், வெஸ்லி பொபானாவும் செய்க்கு குயாட்டேயும் நோன்பு திறப்பதற்காக ஆட்டம் சற்று நின்றது. பின்னர் 2023 இல் நடுவர்களுக்கு இது பற்றிய வழிகாட்டலே வழங்கப்பட்டது.

மே 25 இல் முடிந்த பருவகாலத்தின் அடுத்த அட்டவணை ஜூன் 18 இல் வெளியாகிவிட்டது. ஆகஸ்ட் 15 இல் நடப்புச் சம்பியன் லிவர்பூல், போர்ன்மௌத்தை எதிர்கொள்கிறது. இடைவெளி 82 நாட்கள்தான்.

இரண்டாவது, பணம் பங்கிடப்படும் விதம். பிரித்தானியத் தொலைக்காட்சி உரிமையில் கழகங்களுக்கு வரும் பணத்தில் பாதி 20 கழகங்களுக்கும் சமமாகப் போகிறது. கால் பங்கு புள்ளிப் பட்டியலில் பெற்ற இடத்துக்கேற்ப. மீதிக் கால் பங்கு, எத்தனை தடவை நேரலையாகக் காட்டப்பட்டார்கள் என்பதைப் பொறுத்து. கடைசி இடத்தில் வருபவரும் வெறுங்கையோடு போவதில்லை. கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் கழகத்துக்குக்கூட, விழுந்து நொறுங்காமலிருக்கச் சில வருடங்கள் உதவிப் பணம் உண்டு.

மூன்றாவது, ஏற்றமும் இறக்கமும். 2016 இல் சம்பியனான லெஸ்டர், 2023 இல் கீழே இறங்கியது. 2024 இல் மேலே வந்தது. இந்த வருடம் மறுபடியும் இறங்கிவிட்டது. வேதனைதான். ஆனாலும் அந்த ஊர்ப் பையனுக்கு ஆகஸ்டில் ஆட்டம் இருக்கிறது.

லிவர்பூல் ரசிகர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990 இல் பட்டம் வென்றார்கள். அடுத்தது 2020 இல்தான். அதிலும் கொவிட் காரணமாக மைதானத்தில் ரசிகர்கள் எவரும் இல்லை. தங்கள் மைதானத்தில், தங்கள் கண்முன் லீக் பட்டம் உறுதியாவதைப் பார்க்க அவர்கள் 35 வருடங்கள் காத்திருந்தார்கள். ஏப்ரல் 27 இல் கண்ணீர் விட்டவர்களைப் பலர் பரிகசித்தார்கள். ஆனால் அந்தப் பொறுமை எப்படிச் சாத்தியமானது? அடுத்த வருடமும் ஆட்டம் இருக்கும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. தோற்பவனுக்குத்தான் "அடுத்த வருடம்" என்ற சொல் மிகவும் தேவை.

நம் சம்பியன்களுக்கு என்ன நடந்தது?

இனி கொழும்புக்கு வருவோம். இந்த நகரத்துக்குக் கால்பந்தாட்டம் புதிதல்ல. கொட்டாஞ்சேனையின் ரினோன், ரட்ணம், புறக்கோட்டையின் சோண்டர்ஸ், கொம்பனித்தெருவின் ஜாவா லேன் என்று சொன்னால் நம் வாப்பாமாரின் முகம் இப்போதும் மலரும். 1995 இல் சுகததாச அரங்கில் இந்தியாவை 1-0 என வீழ்த்தி, தெற்காசியக் கிண்ணத்தை இலங்கை வென்றதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

கொழும்பு எப்சி 2017-18 பருவகாலத்தில் இலங்கையின் சம்பியன். அதன் பயனாக 2019 மார்ச்சில் ஏஎப்சி கிண்ணத் தகுதிச் சுற்றில் இந்தியாவின் சென்னையின் எப்சியோடு மோதியது. சென்னையின் எப்சி, இந்திய சுப்பர் லீக்கை இரண்டு தடவை வென்ற, பணபலம் மிக்க கழகம். கொழும்பு குதிரைப் பந்தயத் திடலில் நடந்த முதல் ஆட்டத்தில் கொழும்பு அவர்களை 0-0 என மறித்தது. அஹமதாபாத்தில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில், ஜெஜே லால்பெக்லுவா அடித்த ஒரேயொரு கோலால் தோற்றது. 180 நிமிடங்களில் ஒரு கோல்தான் வித்தியாசம். இங்கிலாந்தில் இப்படி ஒரு தோல்வி என்றால், "அடுத்த முறை பார்க்கலாம்" என்று ஒரு வருடம் முழுக்கப் பேசியிருப்பார்கள். இங்கே எத்தனை பேருக்கு அந்தப் போட்டி நடந்ததே தெரியும்?

2018-19 இல் இராணுவத்தின் டிபென்டர்ஸ் சம்பியன். பிறகு கொவிட். 2021 ஏப்ரலில் பத்துக் கழகங்களோடு சுப்பர் லீக் தொடங்கியது. நாட்டின் முதலாவது தொழில்முறை லீக் என்று பெரிய எதிர்பார்ப்பு. களுத்துறையின் புளூ ஸ்டார் அதை வென்றது.

அந்த புளூ ஸ்டாரின் கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். 2022 ஏப்ரல் 5, ரமழானின் ஆரம்ப நாட்கள். நாட்டில் டீசல் இல்லை, மின்சாரம் இல்லை. அந்த நிலையில் போய், ஏஎப்சி கிண்ணத் தகுதிச் சுற்றில் நேபாளச் சம்பியன் மச்சீந்திராவை 2-1 என வென்றார்கள். ஒரு வாரம் கழித்து ஏப்ரல் 12 இல் கொல்கத்தாவின் சோல்ட் லேக் அரங்கில் மோகன் பகானிடம் 5-0 எனத் தோற்றார்கள். வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்ததும் அதே நாளில்தான். அந்த ஐந்து கோல்களைப் பற்றிக் கவலைப்பட அன்று யாருக்கும் நேரமிருக்கவில்லை.

அந்த முதல் சுப்பர் லீக்கின் வேகத்தில் அடுத்தது வரவில்லை. 2023 ஜனவரியில், நிர்வாகத்தில் வெளியார் தலையீடு, தேர்தல் சர்ச்சை ஆகியவற்றின் பேரில் பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் மாதம் வரை தடை நீடித்தது. அந்தக் காலத்தில் தேசிய அணிக்கு மட்டுமல்ல, நம் கழகங்களுக்கும் சர்வதேசப் போட்டி இல்லை. பீபாவின் அபிவிருத்தி உதவியும் இல்லை.

யார் சரி, யார் பிழை என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். 2019 இல் 17 வயதாக இருந்த ஒரு பையனுக்கு 2023 இல் 21 வயது. ஒரு வீரன் உருவாகும் வயது அதுதான். அந்த நான்கு வருடங்களை அவனுக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

மருமகனின் கேள்வி

என் தங்கை மகனுக்கு இப்போது 18 வயது. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு சிறிய கழகத்தில் வலதுபுறப் பின்வரிசையில் ஆடுகிறான். சென்ற வருடம் அவர்களது அணி ஒரு சுற்றுப்போட்டியில் கிண்ணம் வென்றது. வீட்டுக்கு வந்து கிண்ணத்தோடு படம் எடுத்தான். உம்மா வட்டிலாப்பம் செய்தாள். அதற்குப் பிறகு ஏழு மாதங்களாக அவர்களுக்கு ஒழுங்கான போட்டி இல்லை. பயிற்சிக்கு வருபவர்கள் 22 இலிருந்து 9 ஆகக் குறைந்துவிட்டார்கள்.

லிவர்பூலின் அட்டவணை வந்த அன்று எனக்கு அழைப்பெடுத்தான். "மாமா, லிவர்பூலுக்கு ஆகஸ்ட் 15. எங்களுக்கு எப்ப?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். கட்டாருக்குப் போக முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டதாக அடுத்த வசனத்தில் சொன்னான்.

தொழிலுக்காகப் போவதை நான் குறை சொல்லவில்லை. நம் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் எழுந்தன. ஆனால் ஆடத் தெரிந்த ஒருவன், ஆட இடமில்லாமல் போகிறான் என்றால் அது வேறு விடயம். தேசிய அணியின் கோல்காப்பாளர் சுஜான் பெரேராகூட மாலைதீவுக் கழகங்களில்தான் நீண்ட காலம் ஆடினார். நம்மைவிடச் சனத்தொகையில் எத்தனையோ மடங்கு சிறிய நாடு அது.

இந்த ஜூன் 10 ஆம் திகதி கொழும்பில் இலங்கை அணி சீன தாய்பேயை 3-1 என வென்றபோது எல்லோரும் மகிழ்ந்தோம். அந்த அணியில் சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் இருக்கிறார். லண்டனில் வளர்ந்த டிலன் டி சில்வா இருக்கிறார். ஜெர்மனியில் வளர்ந்த குளோடியோ கமர்க்னெக்ட் இருக்கிறார். அவர்கள் நம் பிள்ளைகள்தான், அவர்கள் வருவது நல்லதுதான். ஆனால் அவர்களுக்கும் என் மருமகனுக்கும் இடையில் உள்ள பெரிய வித்தியாசம் எட்டு வயதிலிருந்து வருடா வருடம் தவறாமல் கிடைத்த அட்டவணைதான்.

இழப்பது விளையாட்டை மட்டுமல்ல

சலாஹ் பற்றிய ஆய்வைச் செய்தவர்களில் ஒருவர் சல்மா மூசா. அவரே ஈராக்கில் இன்னொரு ஆய்வு செய்தார். ஐஎஸ் பயங்கரவாதிகளால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவ இளைஞர்களின் கால்பந்தாட்ட அணிகளை எடுத்தார். சில அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்தார். மற்றவற்றில் கிறிஸ்தவர்கள் மட்டும். ஒரு லீக் தொடர் முழுக்க ஆடவிட்டார். 2020 இல் "சயன்ஸ்" சஞ்சிகையில் முடிவு வெளியானது.

கலப்பு அணிகளில் ஆடிய கிறிஸ்தவர்கள், சிறந்த பண்புக்கான விருதுக்கு மாற்று அணி முஸ்லிம் வீரருக்கு வாக்களிக்க அதிகம் முன்வந்தார்கள். அடுத்த பருவகாலத்துக்கும் கலப்பு அணியில் பதிய விரும்பினார்கள். ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்கள் மீதான மனநிலை அந்த அளவுக்கு மாறவில்லை. ஆய்வாளர் அதையும் மறைக்காமல் எழுதினார். கால்பந்தாட்டம் மந்திரக்கோல் அல்ல. ஆனால் ஒன்றாக ஆடியவர்களிடையே அது உண்மையான வேலையைச் செய்கிறது, அந்த வேலை தொடர்ந்து ஆடும்போது நிலைக்கிறது.

இதைக் கொட்டாஞ்சேனையில் வைத்து யோசியுங்கள். தமிழர், முஸ்லிம்கள், கத்தோலிக்கர், சிங்களவர், மலாயர் எல்லோரும் ஒரே சந்துகளில் வாழும் பகுதி. கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் நடக்கும் தூரத்தில். 2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு அங்கே நம் பிள்ளைகள் தெருவில் இறங்கி நடந்தபோது எப்படி உணர்ந்தார்கள் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அந்த மாதங்களில் என் தங்கை வீட்டுக் கதவைத் தட்டி, "ஏதாவது வாங்க வேணுமா அக்கா?" என்று கேட்டவர்களில் இருவர், அவள் கணவரோடு முன்னொரு காலத்தில் ஒரே அணியில் ஆடிய கத்தோலிக்கர்கள். அந்தப் பழக்கம் ஒரு நாள் நல்லிணக்கக் கூட்டத்தில் வந்ததல்ல. பல வருடங்கள் ஒரே சட்டை அணிந்து, ஒன்றாகத் தோற்று, ஒன்றாக வீடு திரும்பியதில் வந்தது.

சலாஹ் லிவர்பூலில் செய்ததை நாம் இங்கிருந்து கைதட்டிப் பார்க்கிறோம். அது நமக்கும் வேண்டுமென்றால், நம் பிள்ளை அவர்கள் பிள்ளைக்குப் பந்து கொடுக்க ஒரு லீக் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலில், நம் சுற்றுப்போட்டிகளைப் பார்ப்போம். பழைய மாணவர் சங்கங்களும், இளைஞர் அமைப்புகளும், வர்த்தகர்களும் வருடத்தில் எத்தனையோ மின்னொளிச் சுற்றுப்போட்டிகளை நடத்துகிறார்கள். பெரிய கிண்ணம், பெரிய பணப் பரிசு, பிரதம அதிதி, ஒரு வார இறுதியில் எல்லாம் முடிந்துவிடும். கணக்கைப் பாருங்கள். 16 அணிகள் நொக்-அவுட் முறையில் ஆடினால் மொத்தம் 15 போட்டிகள். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்கு. அதே 16 அணிகளை எட்டு எட்டாகப் பிரித்து, ஒவ்வொருவரும் மற்றவரோடு ஒரு தடவை ஆடினால் 56 போட்டிகள். தோற்பவனுக்கும் ஏழு ஆட்டங்கள். மாதத்துக்கு இரண்டு என்று வைத்தால் மூன்றரை மாதம் அந்தப் பிள்ளைகளுக்கு வேலை இருக்கும். பரிசுப் பணத்தைக் குறைத்தால் மைதானக் கட்டணத்துக்கும் நடுவருக்கும் பெரும் பகுதி வந்துவிடும். கிண்ணம் சிறிதாக இருந்தால் பரவாயில்லை.

இரண்டாவது, திகதியைக் கேட்போம். சம்மேளனத்திடமும், மாவட்ட லீக்குகளிடமும், கழகங்களிடமும் நாம் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை அரங்கமோ வெளிநாட்டுப் பயிற்றுநரோ அல்ல. எழுத்தில் வெளியான, ஆரம்பமும் முடிவும் உள்ள, அடுத்த வருடமும் வரும் ஓர் அட்டவணை. பரீட்சைக் காலம், ரமழான், வெசாக், பெருநாட்கள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவைதான்.

மூன்றாவது, போய்ப் பார்ப்போம். வெள்ளவத்தையிலிருந்து குதிரைப் பந்தயத் திடலுக்கு எவ்வளவு தூரம்? கொட்டாஞ்சேனையிலிருந்து சுகததாச அரங்கு எவ்வளவு தூரம்? நள்ளிரவு 12.30 வரை விழித்திருந்து அன்பீல்டைப் பார்ப்பவர், மாலை 4 மணி ஆட்டத்துக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகலாம். அஸர் தொழுதுவிட்டுப் போனால் மஃரிபுக்கு வீடு வந்துவிடலாம். ஸுப்ஹும் தவறாது.

நான்காவது, நம் அணி நமக்கு மட்டும் என்று வைக்க வேண்டாம். பதினொரு பேரும் நம்மவர்களாக இருக்கும் அணியைவிட, ஆறு பேர் நம்மவர்களாகவும் ஐந்து பேர் அயலவர்களாகவும் இருக்கும் அணிதான் நம் ஊருக்கு இப்போது தேவை.

லிவர்பூலை நேசிப்பதை விடச் சொல்லவில்லை. நானும் ஆகஸ்ட் 15 இல் பார்ப்பேன். ஆனால் அந்த நகரத்தின் மகிழ்ச்சியில் நாம் படிக்க வேண்டியது கிண்ணத்தை அல்ல. 35 வருடம் காத்திருக்க முடிந்ததே, அதைத்தான். முகவர் என் மருமகனுக்குச் சொல்லியிருக்கும் கால எல்லை செப்டெம்பர். அதற்குள் கொழும்பில் எவராவது ஒரு திகதியை அறிவித்தால், அவன் போவதா நிற்பதா என்று இன்னொரு தடவை யோசிக்கக்கூடும். அவனைப் போல எத்தனை பேர் என்று உங்கள் தெருவிலும் ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.